என் தலை, என் இஷ்டம்: உரிமையா, கட்டுப்பாடா என்று எப்படி வாதாடுவது?

ஏற்காட்டுக்கு ஏறுவதற்கு முன்னால் அடிவாரத்தில் ஒரு சோதனைச்சாவடி இருக்கிறது. மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வண்டியை ஓரங்கட்டிவிட்டு அங்கே இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஹெல்மெட் போடாமல் வந்த ஒரு பையனைப் போலீஸ்காரர் நிறுத்தினார். ஹெல்மெட் இல்லாமல் இல்லை. பெட்ரோல் டேங்க் மேல் கவிழ்த்து வைத்திருந்தான். ஆயிரம் ரூபாய் அபராதம் என்றதும் பையனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"என் தலை சார், என் உயிரு. கீழ விழுந்தா எனக்குத்தானே அடி? உங்களுக்கு என்ன சார் நஷ்டம்?"

போலீஸ்காரர் ஓய்வுக்கு நெருங்கிய வயது. கோபப்படவில்லை. "உன் தலைதான் தம்பி, யாரு இல்லேன்னா? ஆனா எட்டாவது வளைவுல நீ கெடந்தா, உன்னத் தூக்கிட்டு ஜி.எச்.சுக்கு ஓடறது நானு. உங்கம்மாவுக்கு போன் பண்றதும் நானு. அந்த போன நீ பண்ணிப் பாத்திருக்கியா?"

பையன் பணத்தைக் கட்டினான். ஆனால் அவன் சமாதானம் ஆகவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அவன் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. போலீஸ்காரர் சொன்னதும் நியாயமான பதில். நான் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு விவாதப் போட்டிக்குப் பயிற்சி கொடுக்கிறவன். தனிமனித உரிமை, அரசின் கட்டுப்பாடு என்று தலைப்பு வரும்போதெல்லாம் இந்த இரண்டு பேரைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தொடங்குகிறேன்.

பையன் சொன்னதற்குப் பின்னால் ஒரு பழைய கொள்கை இருக்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-ல் எழுதியது: ஒருவன் செய்வது பிறருக்குத் தீங்கு செய்யாத வரை அவனைத் தடுக்க அரசுக்கோ சமூகத்துக்கோ அதிகாரம் கிடையாது. அவனுடைய நன்மைக்காகத்தான் தடுக்கிறோம் என்பது போதுமான காரணம் ஆகாது. போலீஸ்காரர் இந்தக் கொள்கையை மறுக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று அவர் சொல்லவில்லை. "தீங்கு உன்னோடு நிற்காது" என்றுதான் காட்டினார். தூக்குகிறவர், போனை எடுக்கிற அம்மா, ஆஸ்பத்திரியில் ஒரு படுக்கை. ஆக, இருவருக்கும் சண்டை உரிமை இருக்கிறதா இல்லையா என்பதில் இல்லை. தீங்கு எங்கே முடிகிறது என்பதில் இருக்கிறது. பெரும்பாலான அரசியல் சண்டைகளும் இப்படித்தான். மேலே தெரிகிற சண்டை ஒன்று, உள்ளே இருக்கிற சண்டை வேறு.

நம் ஊரில் விவாதம் என்றால் பட்டிமன்றம்தான் நினைவுக்கு வரும். "மதுவிலக்கு தேவையா, தேவையில்லையா?" இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர், கடைசியில் நடுவர் தீர்ப்பு. எனக்குப் பட்டிமன்றம் மிகவும் பிடிக்கும். சொல்லப்போனால் நான் மேடை ஏறியதே அதில்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்துக்கு அந்த அமைப்பு பொருந்துவதில்லை. அதில் இரண்டே வாசல்தான். நம் அரசமைப்புச் சட்டம் இதை வேறு மாதிரி அமைத்திருக்கிறது.

19-வது பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். பேசவும் கருத்தைச் சொல்லவும், ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடவும், சங்கம் வைக்கவும், நாடெங்கும் போய்வரவும், எங்கும் தங்கி வாழவும், விரும்பிய தொழிலைச் செய்யவும் குடிமக்களுக்குச் சுதந்திரம் உண்டு என்று முதல் பகுதி சொல்கிறது. அடுத்தடுத்த உட்பிரிவுகள் ஒவ்வொரு சுதந்திரத்துக்கும் அரசு என்னென்ன காரணங்களுக்காக "நியாயமான கட்டுப்பாடு" போடலாம் என்று சொல்கின்றன. உரிமையும் கட்டுப்பாடும் ஒரே பிரிவுக்குள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. உரிமை முதலில் வருகிறது. கட்டுப்பாடு பின்னால், நிபந்தனைகளோடு வருகிறது. கட்டுப்பாடு ஒரு சட்டத்தின் வழியாக வர வேண்டும். ஓர் அதிகாரியின் விருப்பம் போதாது. அங்கே எழுதியிருக்கிற காரணங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். அப்புறம், நியாயமாக இருக்க வேண்டும். இது நியாயம்தான் என்று காட்ட வேண்டிய பொறுப்பு தடை போடுகிற அரசுடையது. ஹெல்மெட் போடாத பையன் "ஏன்?" என்று கேட்டது திமிர் இல்லை. அரசு பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி அது.

சேலம் சிறையும் ஒரு சொல்லும்

இந்த "நியாயமான" என்ற சொல் பேச்சுரிமைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த காலத்துக்கும் நம் சேலத்துக்கும் ஒரு நெருக்கம் உண்டு. இங்கே பிறந்து வளர்ந்த பலருக்கே இது தெரியாது என்பது எனக்கு வருத்தம்.

1950 பிப்ரவரி 11. அரசமைப்புச் சட்டம் அமலுக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. சேலம் மத்திய சிறையில் அடைக்கப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் கைதிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த மலபார் பகுதியின் விவசாயிகள். அடுத்த மாதம், மார்ச் 1-ம் தேதி, 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் வரக்கூடாது, பொது ஒழுங்கைக் காக்க இது தேவை என்று மாகாண அரசு ஆணை போட்டது. பம்பாயில் அச்சாகி வந்த பத்திரிகை அது. ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் போனார். மே மாதம் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. "பொது ஒழுங்கு" என்பது மிக அகலமான சொல். அரசமைப்புச் சட்டம் அன்று அனுமதித்திருந்தது நாட்டின் பாதுகாப்பைக் குலைக்கிற, அரசையே கவிழ்க்கிற அளவுக்கான பேச்சைத் தடுப்பதை மட்டும்தான் என்றது நீதிமன்றம்.

1951-ல் முதல் திருத்தம் வந்தது. பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தலாம் என்ற காரணங்களில் "பொது ஒழுங்கு" புதிதாகச் சேர்ந்தது. அரசுக்குக் கூடுதல் அதிகாரம். ஆனால் அதே திருத்தத்தில்தான் அந்த இடத்தில் "நியாயமான" என்ற சொல்லும் சேர்க்கப்பட்டது. மற்ற சுதந்திரங்களுக்கு முதலிலிருந்தே இருந்த சொல், பேச்சுரிமைக்கு மட்டும் அப்போதுதான் வந்தது. ஒரு கையில் அரசுக்குக் கத்தியைக் கொடுத்து, மறு கையில் நீதிமன்றத்துக்கு அளவுகோலைக் கொடுத்த மாதிரி. இன்றைக்கு யாராவது பேச்சுரிமை வழக்குப் போட்டால் பிடித்துக்கொண்டு நிற்பது அந்த ஒற்றைச் சொல்லைத்தான்.

பீடி சுற்றக்கூடாது என்றபோது

சரி, எது நியாயம்? இதை நான் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வழக்கை வைத்துத்தான் விளக்குகிறேன். தத்துவமெல்லாம் அதற்குப் பிறகு.

மத்தியப் பிரதேசத்தில் சாகர் என்று ஒரு மாவட்டம். பீடித் தொழில் நிறைந்த இடம். விவசாய வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. உணவுத் தட்டுப்பாட்டுக் காலம் வேறு. அங்கே 1948-ல் ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தார்கள். அதன்படி விவசாயப் பருவத்தில் குறிப்பிட்ட கிராமங்களில் யாரும் பீடி சுற்றக்கூடாது என்று மாவட்ட அதிகாரி ஆணையிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தது. சிந்தாமன் ராவ் வழக்கு என்பார்கள். 1950 நவம்பரில் தீர்ப்பு.

இதையே சேலத்துக்குக் கொண்டுவந்து யோசியுங்கள். மரவள்ளி அறுவடைக்கு ஆள் இல்லை என்று, ஆறு மாதத்துக்கு உங்கள் ஊரில் யாரும் வெள்ளிக் கொலுசு வேலை செய்யக்கூடாது என்று ஆணை வருகிறது. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைக்கு வேலை செய்து கொடுக்கிற வீடுகள் எத்தனை! திண்ணையில் உட்கார்ந்து கொலுசுக்கு முத்து கோக்கிற பாட்டி ஒருத்தியை எனக்குத் தெரியும். முழங்கால் மடங்காது. வயலில் இறங்கி ஒரு கிழங்கைக்கூட அவரால் பிடுங்க முடியாது. அவரும் முத்து கோக்கக்கூடாது என்றால், அதனால் மரவள்ளிக் காட்டுக்குக் கூடுதலாக ஓர் ஆள் கிடைத்துவிடுவாரா?

உச்ச நீதிமன்றம் கேட்டது இதைத்தான். விவசாயத்துக்கு ஆள் வேண்டும் என்ற நோக்கம் சரி. ஆனால் வயல் வேலைக்கே போக முடியாத முதியவர்கள், குழந்தைகள், உடல் முடியாதவர்கள் எல்லோரையும் சேர்த்து ஏன் தடுக்கிறீர்கள்? வயல் வேலை முடிந்து ஓய்ந்த நேரத்தில் பீடி சுற்றுகிறவரை ஏன் தடுக்கிறீர்கள்? வேலை நேரத்தை மட்டும் வரையறுத்திருக்கலாமே? தேவைக்கு மேல் போய்விட்டது என்று சட்டத்தை ரத்து செய்தது.

இரண்டு வருடம் கழித்துச் சென்னையிலிருந்து போன இன்னொரு வழக்கில், தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி இதை இன்னும் தெளிவாக்கினார். எல்லா வழக்குக்கும் பொருந்துகிற ஒற்றை அளவுகோல் கிடையாது என்றார். பறிபோகிற உரிமை என்ன மாதிரியானது, கட்டுப்பாட்டின் அடிப்படை நோக்கம் என்ன, சரிசெய்ய நினைக்கிற தீமை எவ்வளவு பெரியது, எவ்வளவு அவசரம், தீமைக்கும் தடைக்கும் அளவு பொருந்துகிறதா, அன்றைய சூழ்நிலை என்ன, இவ்வளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார். 2017-ல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னபோதும், அதைக் கட்டுப்படுத்த இதே பாதையில்தான் நிபந்தனை வைத்தார்கள்: சட்டம் இருக்க வேண்டும், நோக்கம் முறையாக இருக்க வேண்டும், தடை அளவோடு இருக்க வேண்டும்.

"தப்பு செய்யலேன்னா எதுக்குப் பயப்படணும்?" என்று வீட்டிலும் டீக்கடையிலும் கேட்கிறோமே, அந்தக் கேள்வி இங்கேதான் சறுக்குகிறது. உரிமை உள்ளவன் தனக்கு அது ஏன் வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை. கதவைத் திறக்கச் சொல்கிறவர்தான் காரணம் சொல்ல வேண்டும்.

மதுவிலக்கு பிறந்த மாவட்டம்

இப்போது கடினமான விஷயத்துக்கு வருவோம். சேலத்துக்காரர்கள் இதைப் பற்றிப் பேச எல்லாத் தகுதியும் உள்ளவர்கள்.

1921 வாக்கில், கள் ஒழிப்பு இயக்கம் சூடாக இருந்த நேரத்தில், ஈரோட்டு ராமசாமி, பிற்காலப் பெரியார், சேலம் தாதம்பட்டியில் தனக்குச் சொந்தமாக இருந்த தோப்பில் ஐநூறுக்கு மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். அவருடைய மரம், அவருடைய முடிவு, அவருடைய நஷ்டம். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அவரும் பக்கத்துத் தோப்புக்காரரின் மரத்தில் கை வைக்கவில்லை. ஒரு தனிமனிதன் தன் கொள்கைக்காகத் தன் உரிமையை விட்டுக்கொடுப்பது இது.

பதினாறு வருடம் கழித்து, 1937 அக்டோபர் 1-ல், சேலம் நகராட்சித் தலைவராக முன்பு இருந்த ராஜாஜி சென்னை மாகாண அரசின் தலைவராக இருந்தபோது, மதுவிலக்கை முதலில் இதே சேலம் மாவட்டத்தில்தான் கொண்டுவந்தார். நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அப்போது சேலம் மாவட்டம். இப்போது கொள்கை எல்லோருக்கும் சட்டமாகிவிட்டது. வேண்டாம் என்று நினைப்பவனுக்கு மட்டும் இல்லை, வேண்டும் என்று நினைப்பவனுக்கும். கள், சாராய வருமானம் போனதை ஈடுகட்டத்தான் 1939-ல் விற்பனை வரி வந்தது. குடிக்காதவரும் கடையில் சாமான் வாங்கும்போது மதுவிலக்குக்காகக் கொஞ்சம் கொடுத்தார். ஒரு கட்டுப்பாட்டின் செலவு யார் தலையில் விழுகிறது என்று கேட்கப் பழக இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அரசின் பக்கத்து வாதம் வலுவானது. அரசமைப்புச் சட்டத்தின் 47-வது பிரிவே மதுவிலக்கை நோக்கி அரசு முயல வேண்டும் என்கிறது. அது அடிப்படை உரிமை போல நீதிமன்றத்தில் கேட்டுப் பெறக்கூடியது இல்லை, அரசுக்கான வழிகாட்டு நெறி. 1951-ல் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் உச்ச நீதிமன்றம் வந்தபோது பெரும்பகுதி செல்லும் என்றார்கள். ஆல்கஹால் கலந்த மருந்தையும் வாசனைப் பொருளையும்கூடத் தடுத்த பகுதியை மட்டும் வெட்டிவிட்டார்கள். மறுபடியும் அதே பீடி வழக்கின் தர்க்கம்: நோக்கத்துக்குள் வராததைத் தடுக்காதே.

என் சொந்தக் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். "நான் சம்பாதிச்ச காசு, நான் குடிக்கிறேன்" என்ற வாதத்தை என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை. சனிக்கிழமை சம்பள நாளில் தறிப்பட்டறை வாசலில் கணவனுக்காகக் காத்து நிற்கிற பெண்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். கவர் அவன் கைக்குப் போய், வழியில் பாதியாகி, வீட்டுக்கு வரும்போது ஒன்றுமில்லாமல் ஆவதைத் தடுக்க, முதலாளியிடமே நேராகக் கவரைக் கேட்டு நிற்பார்கள். கையில் ஒரு மஞ்சள் பை, இடுப்பில் குழந்தை. தீங்கு அவனோடு நிற்கவில்லை என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம். சேலம் மாவட்டத்துக்காரரான காந்தியவாதி சசிபெருமாள், 2015 ஜூலை 31 அன்று குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் ஒரு மதுக்கடையை அகற்றக் கோரி செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடி உயிரை விட்டார். அவர் பார்த்ததும் இந்தப் பெண்களைத்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் முழுத் தடைக்கு நான் கை தூக்குவேனா? அங்கேதான் தயங்குகிறேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த விஷச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலரை நம் சேலம் ஜி.எச்.சுக்குத்தான் கொண்டுவந்தார்கள். அவர்கள் குடித்தது கடைகள் திறந்திருக்கிற மாநிலத்தில். மலிவான மதுவைக் கடையில் வாங்க முடியாதவன் எதைத் தேடிப் போகிறான் என்பதை அது காட்டியது. எல்லாக் கடையையும் மூடினால் அந்தக் கூட்டம் குறையுமா, கூடுமா? தடுக்க முடியாததைத் தடை என்று எழுதி வைப்பதும் ஒரு வகைத் தீங்குதான்.

முழுத் தடைக்கும் முழுத் திறப்புக்கும் நடுவில் எத்தனையோ படிகள் இருக்கின்றன. நேரத்தைக் குறைக்கலாம், இடத்தை மாற்றலாம், வயதைக் கண்டிப்பாகப் பார்க்கலாம். 2016 டிசம்பரில் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அந்த மாதிரிப் படிதான். குடிப்பதை அது தொடவில்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதால் பிறருக்கு வருகிற ஆபத்தைக் குறிவைத்தது.

இன்னொன்றும் கேட்க வேண்டும்: எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துகிறீர்களா? இன்று தமிழ்நாட்டில் மதுபானத்தைச் சில்லறையில் விற்பது அரசு நிறுவனம். அதற்கான விதிகள் அதே 1937-ம் வருட மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் 1987 முதல் கள் இறக்கத் தடை. ஆலையில் காய்ச்சியதை அரசே விற்கலாம், மரத்திலிருந்து இறக்கியதை நான் விற்கக்கூடாதா என்று பனையேறிகள் கேட்கிறார்கள். கள்ளில் கலப்படம் நடக்கும், கண்காணிக்க முடியாது என்பது அரசின் பதில். இதில் யார் சரி என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் பனையேறியின் கேள்வி குடிக்கும் உரிமை பற்றியதே இல்லை, சமத்துவம் பற்றியது. 19-வது பிரிவிலிருந்து 14-வது பிரிவுக்குத் தாவிவிட்டது. விவாதத்தில் எதிராளி எந்த உரிமையைப் பற்றிப் பேசுகிறார் என்று கண்டுபிடிப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

காபிக்கொட்டையும் ஒரு பழைய சட்டமும்

அரசின் கட்டுப்பாடு என்றாலே குடி, பேச்சு, ஹெல்மெட் என்று நினைக்கிறோம். ஏற்காட்டில் பழைய காபித் தோட்டக்காரர் யாரையாவது பிடித்து "பூல்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அரைமணி நேரம் பேசுவார்.

ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். இரண்டாம் உலகப் போர் வந்ததும் ஐரோப்பியச் சந்தை அடைபட்டு, கொட்டையை வாங்க ஆளில்லாமல் தோட்டக்காரர்கள் தவித்தார்கள். 1940-ல் அவசரச் சட்டம், 1942-ல் காபிச் சட்டம். விளைந்ததையெல்லாம் காபி வாரியத்தின் பொதுக் கிடங்கான பூலில் சேர்த்துவிட வேண்டும். வாரியம் விற்று, பணத்தைத் தவணை தவணையாகக் கொடுக்கும். வீட்டுச் செலவுக்கென்று ஒரு வரம்புக்குள் வைத்துக்கொள்ளலாம். தன் செடி, தன் உழைப்பு, ஆனால் விருந்தாளிக்கு ஒரு மூட்டையை விலைக்குக் கொடுத்தால் குற்றம்.

கேட்கக் கொடுமையாக இருக்கிறதல்லவா? ஆனால் பிறந்தபோது அது தோட்டக்காரர்களைக் காப்பாற்றத்தான் பிறந்தது. போர் முடிந்தது, சந்தை திறந்தது, சட்டம் மட்டும் அப்படியே நின்றது. 1990-களில் படிப்படியாகத் தளர்த்தி, 1996-ல்தான் காபி விவசாயி முழுச் சுதந்திரமாக விற்க முடிந்தது. தளர்த்திய பிறகு நல்ல விலை வந்த வருடமும் உண்டு, சர்வதேச விலை விழுந்து கண்ணீர் விட்ட வருடமும் உண்டு. "பூல் இருந்தப்ப காசு லேட்டா வந்தாலும் வந்துடும்" என்று சொல்கிற சிறு விவசாயியை நானே சந்தித்திருக்கிறேன். நான் இதிலிருந்து எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: கட்டுப்பாட்டைப் பிறப்பித்த காரணம் இன்னும் உயிரோடு இருக்கிறதா?

எட்டுவழிச் சாலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காயம் இன்னும் ஆறவில்லை. 2018-ல் சேலத்திலிருந்து சென்னைக்கு 277 கிலோமீட்டர் சாலைக்கு நிலம் எடுக்க வந்தார்கள். "எங்க பூமி, எங்க உரிமை" என்று மக்கள் நின்றார்கள். சொத்துரிமை 1978-ம் ஆண்டின் 44-வது திருத்தத்துக்குப் பிறகு அடிப்படை உரிமை இல்லை. சட்டப்படி அல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக்கூடாது என்ற 300ஏ பிரிவாக மட்டும் நிற்கிறது. ஆகவே நீதிமன்றத்தில் கேள்வி "நிலத்தை எடுக்கலாமா?" என்பதில் நிற்காமல் "எந்த முறைப்படி எடுத்தீர்கள்?" என்பதில் போய் நின்றது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கையை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் முதல்கட்ட அறிவிக்கை செல்லும் என்றது. தென்னையும் கிணறும் இருக்கிற நிலத்தில் கல் நடுவதற்கு முன் உட்கார வைத்துப் பேசியிருந்தால், எதிர்த்தவர்களில் பாதிப் பேர் வேறு மாதிரிப் பேசியிருப்பார்கள் என்பது என் நம்பிக்கை. தன்னிடம் கேட்கப்பட வேண்டும் என்பதும் ஓர் உரிமைதான். கேட்காமல் செய்த நல்லதுகூட மனதில் திருட்டாகத்தான் பதியும்.

ஏற்காட்டுக்கு இ-பாஸ் வேண்டுமா?

அஸ்தம்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கும்போது ஒரு விதி வைத்திருக்கிறேன். எந்தப் பக்கம் பேச ஆசைப்படுகிறாயோ, முதல் பத்து நிமிடம் அதற்கு எதிர்ப்பக்கம் பேச வேண்டும். அதுவும் எதிர்ப்பக்கத்து ஆள் கேட்டு "ஆமா, நான் நினைக்கிறதை அப்படியே சொல்றான்" என்று தலையாட்டுகிற மாதிரி. முதலில் சிரமப்படுவார்கள். ஜல்லிக்கட்டுக்காக 2017-ல் தெருவுக்கு வந்த ஒருவனின் தங்கை, காளையின் பக்கம் நின்று பேசும்போது குரல் உடைந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவள் ஜல்லிக்கட்டை ஆதரித்துப் பேசியது முன்பைவிடப் பலமடங்கு நன்றாக இருந்தது.

போன முறை அவர்களுக்குக் கொடுத்த தலைப்பு ஏற்காடு. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் இருக்கிறது. 2025 கோடையில் வண்டிகளுக்கு எண்ணிக்கை வரம்பும் வந்தது: நீலகிரிக்கு வாரநாளில் 6,000, வாரக்கடைசியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. ஏற்காட்டுக்கும் அப்படி வேண்டுமா?

ஒரு பையன் எழுந்து, நாடெங்கும் போய்வரும் சுதந்திரம் 19-வது பிரிவில் இருக்கிறது, மலையைப் பார்க்கப் பாஸ் எதற்கு என்றான். நன்றாகத் தொடங்கினான். அடுத்தவள் அதே பிரிவின் ஐந்தாவது உட்பிரிவைப் படித்துக் காட்டினாள். பொதுமக்கள் நலனுக்காகவும், பழங்குடியினர் நலனைக் காக்கவும் அந்தச் சுதந்திரத்தை நியாயமாகக் கட்டுப்படுத்தலாம் என்று அதில் இருக்கிறது. ஏற்காடு மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்து மலையாளிகள் இல்லை) இருக்கிறார்களே, அவர்களை யாராவது கேட்டீர்களா என்றாள். ஒருத்தருக்கும் பதில் இல்லை.

அடுத்த ஞாயிறு நாலு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். ஏரிக்குப் பக்கத்தில் மிளகாய் பஜ்ஜி போடுகிற ஒரு மலையாளி அக்காவிடம் பேச்சுக் கொடுத்தோம். பாஸ் வைக்கலாமா அக்கா என்றதும் சட்டியிலிருந்து கரண்டியை எடுக்காமலே பேசினார்.

"வெக்கட்டும் சாமி. போன மலர்க்கண்காட்சி அன்னிக்கு எம் மருமகளுக்கு வலி வந்துருச்சு. ஆம்புலன்ஸ் பதிமூணாவது வளைவுல நின்னது நின்னதுதான். முன்னாடி காரு, பின்னாடி காரு. ஒரு மணி நேரம். நல்லவேளை, புள்ள தங்குச்சு."

வகுப்பில் உட்பிரிவைப் படித்துக் காட்டிய பெண் நோட்டில் வேகமாக எழுதிக்கொண்டாள். பாஸுக்கு ஆதரவு. பையன் விடவில்லை. அப்ப ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான்னு வரம்பு வெச்சா உங்க வியாபாரம் என்னக்கா ஆகும் என்று கேட்டான்.

அக்கா பஜ்ஜியைத் திருப்பிப் போட்டார். வாரநாளில் இருநூறு முந்நூறுக்கு ஓடினால் பெரிசு. சனி, ஞாயிறில்தான் ஆயிரத்துக்கு மேல் பார்ப்பேன். அதில்தான் வீட்டு அரிசியும் குழந்தைக்குப் பால் பவுடரும் என்றார். கொஞ்ச நேரம் எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் பாஸு வெக்கச் சொல்லுங்க சாமி. சனி, ஞாயிறு வேண்டாம்" என்றார்.

மருமகளுக்கு வலி வந்தது ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பெண் தான் எழுதியதை அடிக்கவில்லை. அதற்குக் கீழே கோடு போட்டு, பையன் கேட்டதையும் அக்கா சொன்னதையும் எழுதினாள். பஸ்ஸில் இறங்கும்போது இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து, ஆம்புலன்ஸுக்கு மட்டும் தனி நேரமோ தனி வழியோ விட முடியுமா, அடிவாரத்தில் காரை நிறுத்திவிட்டு அரசு பஸ்ஸில் ஆளை ஏற்றினால் பஜ்ஜிக்கடைக்குக் கூட்டம் குறையுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அடிவாரம் வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.